பொதுக் காரியத்துக்குக் காசு கேட்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையிலும் பழைய மாணவர் சங்கத்திலும் நெடுங்காலம் பொருளாளராக இருந்தேன். அதனால் புதிதாக நிர்வாகத்துக்கு வரும் இளம் ஆட்கள், நன்கொடை சேர்க்கப் புறப்படுமுன் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் அநேகமாக இவைதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

காசு கேக்க வெக்கமாக் கிடக்கு. பிச்சை எடுக்கிற மாதிரி இருக்காதோ?

வெட்கம் எல்லோருக்கும் வரும். "ஒருத்தரிட்டயும் கைநீட்டாதை" என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அது நல்ல வளர்ப்பு. ஆனால் நீங்கள் இப்போது உங்கள் வீட்டுச் செலவுக்குக் கேட்கப் போகவில்லை. உதாரணத்துக்கு, மாரி மழைக்கு ஒழுகும் முன்பள்ளிக் கூரைக்குக் கேட்கப் போகிறீர்கள். அந்தக் கூரையின் கீழே இருக்கிற நாலு வயதுப் பிள்ளையால் கடைத்தெருவுக்குப் போய்க் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக நீங்கள் போகிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் பொதுவாக நிற்கிற பல காரியங்கள் இப்படி யாரோ கேட்டதால் வந்தவை. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பள்ளிக்கூடத்தை நடத்த, வீடுகளில் ஒதுக்கி வைத்த பிடியரிசியும் கைகொடுத்தது. பொது நூலகம் 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசிப்பிடத்திலிருந்து, ஊரவர் தந்த புத்தகங்களாலும் காசாலும் வளர்ந்தது. அவர்கள் கேட்க வெட்கப்பட்டிருந்தால் எங்களுக்கு அவை கிடைத்திருக்காது.

வெட்கம் குறைய நான் கண்ட வழி ஒன்று உண்டு. வெளியே போகுமுன் உங்கள் சொந்தக் காசை முதலில் போடுங்கள். ஆயிரம் ரூபாயானாலும் போடுங்கள். "நாங்கள் நிர்வாகத்தில இருக்கிற எல்லாரும் போட்டிட்டுத்தான் உங்களிட்ட வந்திருக்கிறம்" என்று சொல்லும்போது குரல் தானாகவே நிமிர்ந்துவிடும்.

போகேக்க கையில என்னத்தைக் கொண்டு போறது?

ஒரு தாள் போதும். என்ன செய்யப் போகிறோம், மொத்தம் எவ்வளவு வேண்டும், இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு குறைகிறது, எப்போது முடிப்போம், சங்கத்தின் வங்கிக் கணக்கு எது, பொறுப்பானவர்கள் யார் என்பவை அதில் இருக்கட்டும். பத்துப் பக்கத்தில் வண்ணப் படங்களோடு அடித்த புத்தகத்தைக் கண்டால், "இதுக்கே எவ்வளவு செலவழிச்சிருப்பினம்" என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

மொத்தத் தொகைக்கு ஆதாரம் வேண்டும். ஸ்ரான்லி வீதியிலோ சுன்னாகத்திலோ இரண்டு கடைகளில் சாமான் விலையை எழுதி வாங்குங்கள். மேசனிடம் கூலியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலை வாங்கிய திகதியையும் தாளில் போடுங்கள். 2022 இல் ரூபாய் விழுந்தபோது, 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 360 ஐத் தாண்டியது. பழைய மதிப்பீட்டை வைத்துக் காசு சேர்த்தவர்களின் வேலை பாதியில் நின்றது. விலை மாறியிருந்தால் புதுத் தாள் அடியுங்கள். பேனையால் வெட்டித் திருத்திய தாளை யாருக்கும் நீட்டாதீர்கள்.

பற்றுச்சீட்டுப் புத்தகமும் கூடவே போகட்டும். இலக்கம் அடித்த தாள், நடுவே காபன், அடிக்கட்டை எங்களிடம். காசு கைக்கு வந்த இடத்திலேயே, தந்தவர் பார்த்திருக்க, தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். "பிறகு கொண்டுவந்து தாறம்" என்ற சொல்லே வரக்கூடாது.

முதல்ல ஆரிட்டப் போறது?

நிர்வாகத்தில் இருப்பவர்கள் முதலில். அது மேலே சொன்னதுதான். அடுத்து, அந்தக் காரியத்தோடு ஏற்கெனவே ஒட்டுள்ள, ஓரளவு பெரிய தொகை தரக்கூடிய இரண்டு மூன்று பேர். அதற்குப் பிறகுதான் வீடு வீடாகப் போவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊரெல்லாம் நூறும் இருநூறுமாகச் சேர்த்துக் களைத்த பிறகு, பெரிய ஆட்களிடம் போய் நிற்கிறார்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் தேவைப்பட்டது. ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 இலட்சம் டொலரை முதலில் வைத்தார்கள். அதைக் காட்டித்தான் உலகம் முழுக்க இருந்த தமிழரிடம் மிச்சத்தைக் கேட்க முடிந்தது. 2018 இல் தொகை நிறைந்தது. எங்கள் கூரைக்கும் இதே ஒழுங்குதான். "பாதி சேர்ந்திட்டுது" என்று சொல்லக்கூடிய நிலைமையில் ஊருக்குள் இறங்குங்கள்.

எந்த நேரம் போனா நல்லது?

கடைக்காரரிடம் முதல் வியாபாரம் ஆகுமுன் போகாதீர்கள். வீடுகளுக்கு விளக்கு வைக்கிற நேரம் போகாதீர்கள். அந்த நேரம் காசு வெளியே கொடுக்க மாட்டார்கள், கொடுக்க வைத்தாலும் மனக்குறை இருக்கும். போகுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "வாசிகசாலை விசயமா உதவி கேட்டு வரப்போறம்" என்று விசயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சும்மா பார்க்க வந்ததுபோல வந்து, தேத்தண்ணி குடித்து முடிந்தபிறகு தாளை வெளியே எடுப்பது அவரை ஏமாற்றுவதுதான்.

இவ்வளவு தாங்கோ எண்டு தொகை சொல்லிக் கேக்கலாமோ? கோவிக்க மாட்டினமோ?

சொல்லித்தான் கேட்க வேண்டும். "உங்களால ஏலுமானதைத் தாங்கோ" என்று கேட்பது பணிவு என்று நினைக்கிறோம். உண்மையில் அது எதிரில் இருப்பவரின் தலையில் ஒரு கணக்கைச் சுமத்துகிறது. குறைத்துக் கொடுத்தால் மரியாதையில்லை, கூட்டிக் கொடுத்தால் கையைக் கடிக்கும், பக்கத்து வீட்டார் எவ்வளவு கொடுத்தாரோ தெரியாது. கடைசியில் ஆபத்தில்லாத ஒரு சிறு தொகையைத் தந்து அனுப்பிவிடுவார். அவர் மனதில் இருந்ததைவிட அது குறைவாகவே இருக்கும்.

தொகையை ஒரு பொருளோடு சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு: "அண்ணை, கூரைக்கு மொத்தம் ஆறு இலட்சம் வேணும். மூண்டரை சேர்ந்திட்டுது. நடு வகுப்பறைக் கூரைக்கு ஒரு இலட்சம் வருது. அதை நீங்கள் பொறுப்பெடுக்க வேணும் எண்டு கேக்க வந்தனாங்கள்." இதில் கெஞ்சலும் இல்லை, கட்டாயமும் இல்லை. அவர் என்ன முடிவெடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது.

எவ்வளவு கேட்பது என்று முதல் நாளே குழுவாக இருந்து முடிவு செய்யுங்கள். முன்பு வேறு காரியங்களுக்கு என்ன கொடுத்தவர், இப்போது வீட்டில் கலியாணமோ வைத்தியச் செலவோ இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கூடக் கேட்டதற்காக யாரும் கோபித்து நான் கண்டதில்லை. "என்னை அவ்வளவு பெரிய ஆளா நினைக்கிறியளோ" என்று சிரிப்பார்கள். ஆனால் படலையில் நிற்கும் காரைப் பார்த்துத் தொகை சொல்லாதீர்கள். அது வங்கிக் கடன் காராகவும் இருக்கலாம்.

தொகையைச் சொன்னாப் பிறகு என்ன கதைக்கிறது?

ஒன்றும் கதைக்கக் கூடாது. கேட்கப் போகிறவர்களுக்கு நான் சொல்பவற்றில் மிகக் கடினமானது இதுதான்.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் நானும் எங்கள் புதுச் செயலாளர் தம்பியும் இருந்தோம். தம்பி அழகாகப் பேசினான். ஐம்பதினாயிரம் என்று தொகையையும் சொல்லிவிட்டான். ரீச்சர் தாளை வாங்கினார், கண்ணாடியைக் கழற்றினார், சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். அந்த மௌனத்தைத் தம்பியால் தாங்க முடியவில்லை. "இல்லாட்டி, ரீச்சர், பாதியெண்டாலும் பரவாயில்லை" என்றான். ரீச்சர் நிமிர்ந்து பார்த்து, "சரி, அப்ப பாதி தாறன்" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்தது தாளை வாசிக்கத்தான்.

அந்த இடைவெளியில் அவர் கணக்குப் பார்க்கிறார், வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கிறார், அடுத்த மாத ஓய்வூதியத்தை நினைக்கிறார். அதற்கு நேரம் கொடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்க வேண்டாம். அவரைப் பார்த்தபடி அமைதியாக இருங்கள். முதலில் அவர் பேசட்டும்.

நான் சின்ன ஆள், அதுவும் பொம்பிளைப் பிள்ளை. பெரிய ஆக்கள் என்ர கதையைக் கேப்பினமோ?

கேட்பார்கள். நீங்கள் விசயம் தெரிந்து பேசினால் நன்றாகவே கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் முன்பள்ளிக்கு அதிகம் சேர்த்தவர்கள் அந்தப் பள்ளிக்கூட ரீச்சர்மார்தான். எந்தப் பிள்ளை எந்த மூலையில் நனைந்துகொண்டு இருந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. தலைவருக்கு அது தெரியாது.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அந்த வீட்டாருக்கு அறிமுகமானவர், மற்றவர் கேட்பவர். யார் தொகையைச் சொல்வது என்று, வீட்டுக்குள் போகுமுன் ஒழுங்கையில் வைத்தே தீர்மானியுங்கள். கூட வரும் பெரியவர் உங்களை மறித்துத் தான் பேசத் தொடங்கினால், அடுத்த முறை வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" எண்டால் அது இல்லை எண்டதுதானே?

பல நேரம் அப்படியில்லை. மனைவியிடமோ வெளிநாட்டில் இருக்கும் மகனிடமோ கேட்க வேண்டியிருக்கும். "நல்லது ஐயா, வாற ஞாயிறு பின்னேரம் நான் ஒருக்கா கோல் எடுக்கட்டோ?" என்று நாளைக் குறித்துக்கொண்டு எழும்புங்கள். அந்த ஞாயிறு கட்டாயம் எடுங்கள். இரண்டாவது முறையும் தள்ளிப் போட்டால், "இப்ப வசதி இல்லையெண்டாலும் பரவாயில்லை ஐயா" என்று நீங்களே கதவைத் திறந்து விடுங்கள். உங்களைக் கண்டதும் அவர் மதவடியில் திரும்பிப் போகிற நிலைக்குக் கொண்டுவரக் கூடாது.

நேரா "ஏலாது" எண்டு சொல்லிட்டா?

நன்றி சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். வெளியே வந்து அதைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். முக்கியமாக, கொடுத்தவர் பெயர்ப் பட்டியலைக் காட்டி "இவையெல்லாம் தந்திருக்கினம்" என்று நெருக்காதீர்கள்.

வெளிநாட்டில இருக்கிறவைக்கு வட்ஸ்அப் குறூப்பில போட்டாக் காணாதோ?

காணாது. குறூப்பில் போட்டால் ஆளுக்காள் கைகூப்பிய படம் போடுவார்கள், "நல்ல முயற்சி" என்று எழுதுவார்கள், காசு வராது. எல்லோரையும் கேட்டால் யாரையும் கேட்கவில்லை என்றே ஆகும். ஒவ்வொருவராகக் கதைக்க வேண்டும். நேரத்தைப் பாருங்கள். கோடையில் நாங்கள் லண்டனைவிட நாலரை மணித்தியாலமும் ரொறன்ரோவைவிட ஒன்பதரை மணித்தியாலமும் முன்னால். மாரியில் இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் ஞாயிறு இரவு ஏழு மணி, கனடாக்காரருக்குக் கோடையில் காலை ஒன்பதரை. ஆறுதலாகக் கதைப்பார்கள்.

அவர்களும் உழைத்துத்தான் அனுப்புகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரவு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று அங்கே ஆயிரம் இருக்கிறது. ஊரிலிருந்து அழைப்பு வந்தாலே காசுக்குத்தான் என்று சிலர் மனம் நொந்துபோய் இருக்கிறார்கள். அந்த நோவு நியாயமானது. கேட்பதற்கு இல்லாத நாட்களிலும் எடுத்துக் கதையுங்கள். அவர் படித்த வகுப்பறையின் படத்தை அனுப்புங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் பலர் ஊருக்கு வருவார்கள். அப்போது பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அன்றைக்குத் தாளை நீட்டாமல், அவர் திரும்பிப் போகுமுன், அவருக்கு வசதியான ஒரு நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய்க் கதையுங்கள்.

"போன தரம் தந்த காசுக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டா என்ன சொல்லுறது?

இந்தக் கேள்வி வரும் என்று நினைத்துக்கொண்டே போங்கள். பழைய நிர்வாகம் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பக் கூடாது. அவர் நிர்வாகத்துக்குக் காசு தரவில்லை, பள்ளிக்கூடத்துக்குத் தந்தார்.

போகுமுன் பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். கணக்கு இருந்தால் அதன் பிரதியைக் கொண்டு போங்கள். அரைகுறையாக இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "இவ்வளவுக்குப் பற்றுச்சீட்டு இருக்கு, இவ்வளவுக்கு இல்லை. இனி மூண்டு மாதத்துக்கு ஒருக்காக் கணக்கை வாசிகசாலைப் பலகையில ஒட்டுவம், உங்களுக்கும் அனுப்புவம்." அதைக் கேட்டு அவர் முழுத் தொகையும் தராமல் சிறு தொகை தந்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். அவர் உங்களைச் சோதித்துப் பார்க்கிறார். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. சொன்ன மூன்றாம் மாதம் கணக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அந்த வீட்டுப் படலை உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின் வருகிற நிர்வாகத்துக்கும் திறக்காது.

அவசரத்துக்கு என்ர சொந்தக் கணக்குக்குப் போடச் சொல்லலாமோ?

வேண்டாம். ஒரு நாளைக்கும் வேண்டாம். சங்கத்தின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்து வைக்கும் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் திறந்துவிட்டுப் பிறகு கேட்கப் போங்கள். பள்ளிக்கூட வேலையென்றால் அதிபரின் அறிவும் ஒப்புதலும் இல்லாமல் ஒரு சதமும் சேர்க்காதீர்கள்.

வரிச் சலுகைக்குப் பற்றுச்சீட்டு கேக்கினம். எங்கட பற்றுச்சீட்டு செல்லுமோ?

கனடாவில் வரிக்கழிவுக்கான பற்றுச்சீட்டை அங்கே பதிவு செய்த அறக்கொடை அமைப்புகள் போன்ற, அந்த அரசு ஏற்றுக்கொண்ட அமைப்புகள்தான் கொடுக்கலாம். பிரித்தானியாவிலும் அந்த நாட்டு வரித்துறை ஏற்றுக்கொண்ட அமைப்புக்கு, வரி கட்டுகிற ஒருவர் கொடுத்தால், ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் அந்த அமைப்பு அரசிடமிருந்து மேலதிகமாகப் பெறலாம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் பற்றுச்சீட்டு இதற்கு உதவாது. "எங்களால அதைத் தர ஏலாது" என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அங்கே பதிவுள்ள பழைய மாணவர் கிளை இருந்தால், அதன் வழியாக அனுப்ப முடியுமா என்று அவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையளின்ர படமும் வீட்டு நிலைமையும் அனுப்பச் சொல்லுகினம். அனுப்பலாமோ?

கூரையின் படத்தை அனுப்புங்கள், கிணற்றின் படத்தை அனுப்புங்கள். தகப்பன் இல்லாத பிள்ளை, அடுப்பு எரியாத வீடு என்று ஒரு பிள்ளையைப் பெயரோடும் முகத்தோடும் அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து இதே ஊரில் நடக்க வேண்டும். "எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு, ரியூசன் காசில்லாம நிக்குது" என்றாலே மனமுள்ளவருக்கு விளங்கும்.

செத்தவீட்டுக்காரரிட்ட, நினைவா ஏதும் செய்யச் சொல்லிக் கேக்கலாமோ?

இறந்தவர் நினைவாகக் கொடுப்பது எங்களிடம் பழைய வழக்கம். திவசத்துக்குச் சிறுவர் இல்லத்தில் சாப்பாடு கொடுக்கிறார்கள், 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கிறார்கள். எனவே கேட்பது தப்பில்லை, எப்போது என்பதுதான் விசயம். 31 ஆம் நாள் முடியும்வரை வாயே திறக்காதீர்கள். சாவு வீட்டுக்குத் துக்கத்தில் பங்கெடுக்க மட்டும் போய், செய்யிற உதவியைச் செய்துவிட்டு வாருங்கள். ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய ஒருவர் வழியாக மெல்லக் கேளுங்கள். இறந்தவர் வாழ்நாளில் விரும்பிய காரியமாக அது இருக்க வேண்டும். நூலகப் பக்கம் வந்தேயிராத ஒருவரின் பெயரில் புத்தக அலுமாரி கேட்பது பொருந்தாது.

தாறன், ஆனா என்ர அப்பான்ர பேர் பொறிச்ச கல்லு வைக்கோணும் எண்டுறார்.

இது இங்கே புதிதல்ல. 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலத்தில், அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர்களின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். எனக்கு அது மனதுக்கு ஒவ்வாத காரியம். கல்லில் பெயர் பொறிப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளை தலையில் பெயர் ஏற்றுவதில்தான் மறுப்பு.

என்ன தொகைக்கு என்ன அளவில் பெயர் என்று முதலே கூட்டத்தில் தீர்மானித்து எழுதி வையுங்கள். அப்போது ஆளுக்கொரு நியாயம் வராது. முழுக் கட்டடத்துக்கும் தன் பெயர் வேண்டும் என்று கால்வாசிச் செலவைத் தருபவர் கேட்டால், இந்தத் தீர்மானத்தைக் காட்டுங்கள்.

"எங்கட பகுதி ஆக்களுக்கு மட்டும்தான் செலவழிக்கோணும்" எண்டு ஒருத்தர் பெரிய காசு தாறார். வாங்கலாமோ?

அவர் எதைச் சொல்கிறார் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாங்காதீர்கள். வாசிகசாலையின் கதிரையில் யார் இருக்கலாம், பள்ளிக்கூடக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம் என்று எங்கள் ஊர்களில் அடிபட்டுத் தீர்ந்த கதை அது. காசின் வழியாக அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. "எல்லாப் பிள்ளையளுக்கும் எண்டால் நாளைக்கே வந்து வாங்குறம் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லி எழும்புங்கள். கூரை ஆறு மாதம் பிந்தட்டும்.

ஒரு கட்சிக்காரர் தன் படத்தோடு பதாகை கட்டச் சொன்னாலும் என் பதில் ஏறத்தாழ இதுதான். ஒரு வகுப்புக்கு, ஒரு பாடத்துக்கு, வறிய பிள்ளைகளுக்கு என்று நிபந்தனை போட்டால் அது வேறு. அதைத் தாராளமாக ஏற்கலாம்.

வேலை முடிஞ்சுது. அடுத்த வருசம் அதே ஆளிட்டத் திரும்பப் போகலாமோ?

போகலாம். ஆனால் இடையில் ஒரு முறையாவது காசு கேட்காமல் போயிருக்க வேண்டும். கூரை போட்டு முதல் மழை பெய்கிற அன்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கணக்கின் கடைசித் தாளையும், மிஞ்சிய காசு எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். மிச்சம் 1,200 ரூபாய்தான் என்றாலும் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அதையும் புதுத் தாளில் முதல் வரவாகப் போட்டுக்கொண்டு போங்கள்.